கல்லூரியில் படிக்கும்போதே தொழில்: நல்ல தொடர்புகளைத் தேடிக்கொள்வது எப்படி?

படிக்கும் காலத்திலேயே சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கிவிட வேண்டும் என்ற ஆர்வம் நம் பிள்ளைகளிடம் இப்போது அதிகமாகக் காணப்படுகிறது. வளைகுடா வேலையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று வீடுகளிலேயே பேசிக்கொள்கிறார்கள். முதலுக்கு என்ன வழி, என்ன பொருள் செய்தால் ஓடும் என்று நம்மிடம் வந்து கேட்கும் மாணவர்கள் பலர். யார் யாரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவர்களை எப்படி அணுக வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பணமும் பொருளும் கையில் இருந்தும் தொழில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு மாணவரின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறோம். ஆம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், பி.காம். மூன்றாம் ஆண்டு. டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் மிஞ்சும் தோல் துண்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கி, வீட்டு மாடியில் ஒரு தையல் மெஷின் வைத்து வாலட் தைத்து விற்றுக்கொண்டிருந்தார். கல்லூரி நண்பர்கள் வாங்கினார்கள், ஆசிரியர்கள் சிலர் வாங்கினார்கள். அவருடைய கல்லூரியில் முன்பு படித்த ஒருவர் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அவர் மூலமாக, புத்தாண்டுப் பரிசாக ஊழியர்களுக்குக் கொடுக்க 300 வாலட் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. கெடு 21 நாள். முன்பணமும் வந்தது. முன்பணம் முழுவதையும் தோலுக்குக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் சிக்கல். உள்லைனிங் துணியும் ஜிப்பும் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே கடைக்காரர், சரக்கு இல்லை, அடுத்த மாதம்தான் வரும் என்று கைவிரித்துவிட்டார். மாணவரின் கைபேசியில் 1,100 பேருக்கு மேல் இருந்தார்கள். தம்மிடமிருந்த எல்லா வாட்ஸ்அப் குழுமங்களிலும் செய்தி போட்டார். ஏராளமான துஆக்கள் வந்தன, கட்டைவிரல் படங்கள் வந்தன. ஜிப் வரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அவருடைய தாயார் வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிலையில்தான் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், என்ன செய்வது?" என்று கேட்டார்.

நம்மிடம் என்ன இருக்கிறது! துண்டுத் தோல் வாங்கப் போகும் இடங்களில் பழக்கமானவர்கள் யாரேனும் உண்டா என்று மட்டும் கேட்டோம். யோசித்துப் பார்த்து, ஓய்வுபெற்ற ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார், வருடத்திற்கு இரண்டு மூன்று தடவை பார்ப்பேன், ஸலாம் சொன்னால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான் என்றார். அந்த மாஸ்டர்தான் சென்னை பெரியமேட்டில் பை தைக்கும் ஒருவருக்குப் போன் போட்டு, "நம்ம பையன், கொடுங்க, நான் இருக்கேன்" என்று சொன்னவர். மறுநாள் சரக்கு கிடைத்தது. பணம் 30 நாளில் கொடுத்தால் போதும் என்ற தவணையும் கிடைத்தது. ஆர்டர் இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆயிரம் பேர் செய்ய முடியாததை, வருடத்தில் இரண்டு முறை பார்க்கும் ஒருவர் எப்படிச் செய்தார்? இது தற்செயல் என்று நாமும் முதலில் நினைத்தோம்.

நெருங்கியவரும் தூரத்தவரும்

ஆலிம் பட்டம் பெற்ற பிறகு நாம் தபால் வழியில் பி.ஏ. படித்தோம். சமூகவியல் பாடத்தில் ஒரு பெயர் வந்தது: மார்க் கிரனோவெட்டர். அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இந்த மாணவரின் விஷயத்திற்குப் பிறகுதான் திரும்ப எடுத்துப் பார்த்தோம்.

இவர் அமெரிக்கச் சமூகவியலாளர். பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம், இந்த வேலை உங்களுக்கு யார் மூலம் தெரியவந்தது, அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். 1973-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கிடைத்த விடை இது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்க்கும் ஒருவர் மூலம் பெற்றவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 27.8 விழுக்காடு. விசாரிக்கப்பட்டவர்கள் ஐம்பது பேருக்குச் சற்று அதிகம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2022-ல் லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனாளர்களை வைத்து நடத்தப்பட்டு, சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதே திசையில்தான் போகிறது. அதில் ஒரு திருத்தம் உண்டு: மிக மெல்லிய தொடர்பு உள்ளவர்களைவிட, ஓரளவு தூரத்தில் இருப்பவர்களே, அதாவது பொதுவான நண்பர்கள் சிலர் உள்ளவர்களே, வேலை மாறுவதற்கு அதிகம் உதவியிருக்கிறார்கள்.

காரணம் எளிமையானது. நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே வாட்ஸ்அப் குழுமம். அவருக்கு ஜிப் கடை தெரியாது என்றால் நமக்கும் தெரியாது. தூரத்தில் இருப்பவரின் கால் வேறு ஒரு வட்டத்தில் ஊன்றியிருக்கிறது. அந்த வட்டத்தின் கதவு அவர் மூலம்தான் திறக்கும்.

இந்த இடத்தில் நம் சமுதாயத்தைப் பற்றி மனம் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மஹல்லாக்களில் நெருங்கிய தொடர்பு மிக வலுவானது. ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் மறுநாள் காலைக்குள் தெருவே வந்து நிற்கும். இது அல்லாஹ் நமக்குத் தந்த நிஃமத். ஆனால் அதே காரணத்தால் நம் தொடர்புகள் மஹல்லாவோடு நின்றுவிடுகின்றன. ஒரே தெருவில் நான்கு பேர் அத்தர் விற்பார்கள், ஐந்து பேர் பிரியாணி செய்து ஆன்லைனில் விற்பார்கள். அத்தனை பேரும் ஒரே ஆட்களிடம் விற்பார்கள். நமக்கு ஜிப் கொடுத்தவர் நம் ஊர்க்காரரும் அல்ல, நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரும் அல்ல என்பதை மேற்படி மாணவர் இன்றும் சொல்வார்.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு வீட்டு முகப்பு

மாணவர்களாக இருந்து தொழில் தொடங்கியவர்கள் என்றால் உடனே சொல்லப்படுவது கூகுள் நிறுவனம். லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களுடைய அறிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு.

அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் செரிட்டன். அவரும் ஆண்டி பெக்டோல்ஷைம் என்பவரும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு நிறுவனம் நடத்தி, அதை 1996-ல் சிஸ்கோவுக்கு விற்றவர்கள். பெக்டோல்ஷைம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1998 ஆகஸ்டில் செரிட்டனின் வீட்டு முகப்பில் அந்த இரு மாணவர்களும் தங்கள் தேடுபொறியை அவருக்குக் காட்டினார்கள். அவர் அங்கேயே ஒரு லட்சம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். 'கூகுள் இன்க்.' என்ற பெயருக்கு எழுதப்பட்ட அந்தக் காசோலையை உடனே வங்கியில் போட முடியவில்லை. அந்தப் பெயரில் நிறுவனமே இல்லை. 1998 செப்டம்பர் 4 அன்று நிறுவனம் பதிவான பிறகுதான் அந்தப் பணத்திற்கு வழி பிறந்தது. முதல் அலுவலகம் மென்லோ பார்க்கில் சூசன் வோஜ்சிக்கியின் வீட்டுக் கார் ஷெட், வாடகைக்கு. அந்தச் சூசன்தான் பிற்காலத்தில் யூடியூபின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்.

பணம் போட்டவரை மாணவர்களுக்குத் தெரியாது. ஆசிரியருக்குத் தெரியும். ஆசிரியருக்கோ மாணவர்களின் வேலை தெரியும். நடந்தது இவ்வளவே. நம் கல்லூரிகளில் ஸ்டான்ஃபோர்டு வசதி கிடையாதுதான். ஆனால் வணிகவியல் துறைப் பேராசிரியரிடம் வருகைப்பதிவு குறைந்துபோனதைத் தவிர வேறெதையும் நம் மாணவர்கள் பேசுவதில்லையே, அதற்கு யார் காரணம்? ஒரு பேராசிரியர் இருபது ஆண்டுகளில் சில ஆயிரம் மாணவர்களைப் பார்த்தவர். அவர்களில் ஆடிட்டர் உண்டு, வங்கி மேலாளர் உண்டு, கொள்முதல் அதிகாரி உண்டு. நம் மாணவருக்கு 300 வாலட் ஆர்டர் வந்ததே பழைய மாணவர் ஒருவர் வழியாகத்தான்.

அறிமுகம் ஓர் அமானிதம்

மதரஸாவில் ஹதீஸ் கலை பயிலும்போது, செய்தியைப் பார்ப்பதற்கு முன் ஸனதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலி அது. ஒரு கண்ணி பழுது என்றால் செய்தி முழுவதும் நிற்கும். தொழிலில் அறிமுகமும் இப்படித்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. "நான் இருக்கேன்" என்று மாஸ்டர் சொன்னபோது நாற்பது வருடம் சேர்த்த தம் பெயரை அந்த மாணவருக்கு இரவல் கொடுத்தார். மாணவர் 30-ஆம் நாள் பணம் கொடுக்காவிட்டால் பெரியமேட்டில் கெடுவது மாணவரின் பெயர் அல்ல. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. கெடுவது மாஸ்டரின் பெயர்.

அந்த 30-ஆம் நாள் உண்மையிலேயே சோதனையாக வந்தது. வாலட் வாங்கிய நிறுவனம் பில்லுக்குப் பணம் கொடுக்கவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்து, பணம் வந்தது எழுபது நாள் கழித்து. மாணவர் என்ன செய்தார்? 25-ஆம் நாளே பெரியமேட்டுக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னார். 30-ஆம் நாள் தம் சகோதரரிடம் கைமாற்று வாங்கிப் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மீதிக்கு ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதிக்கு முந்தைய நாள் கொடுத்தார். இரண்டாவது முறை சரக்கு கேட்டபோது மாஸ்டரின் போன் தேவைப்படவில்லை.

பணம் தாமதமாகும் என்று தெரிந்தவுடன் போனை அணைத்து வைப்பவர்கள்தான் தொடர்பை இழக்கிறார்கள். தாமதத்தை வியாபாரிகள் மன்னிப்பார்கள். காணாமல் போனவரை மன்னிக்க மாட்டார்கள்.

இதே இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். சிறு தொழில் செய்பவர் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. பதிவு செய்து தருகிறோம் என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம். இப்படிப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. தராவிட்டால் 'சமாதான்' என்ற அரசுத் தளத்தில் முறையிடலாம். தாமதத்திற்கு வட்டியும் சட்டத்தில் உண்டு. அது நமக்கு வேண்டாம், அசல் நேரத்திற்கு வந்தால் போதும். நம் மாணவர் அப்போது உத்யம் பதிவு செய்திருக்கவில்லை. செய்திருந்தால் எழுபது நாள் ஆகியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்பதற்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

எங்கே போய்ப் பழகுவது?

மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அன்னார் அதற்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே என்றுதான் விசாரித்தார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். நாம் அடிக்கடி பயானில் சொல்லும் நிகழ்ச்சிதான். புது ஊருக்கு வந்தவர் முதலில் கேட்டது ஆட்கள் கூடும் இடத்தை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. தோல் என்றால் சென்னையில் பெரியமேடு. அங்கே மூலப்பொருள், பக்கிள், ஜிப், பசை, தையல் நூல் எல்லாவற்றுக்கும் கடைகள் உண்டு. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. தோல் ஏற்றுமதிக் கழகத்தின் தலைமையகமும் சென்னையில்தான். ஆண்டுதோறும் பெரும்பாலும் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சர்வதேசத் தோல் கண்காட்சி நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் தங்கள் ஊரில் ஒரு வருடம் சுற்றினாலும் சந்திக்க முடியாத ஆட்களை மூன்று நாளில் சந்திக்கலாம். அங்கே போய் நூறு விசிட்டிங் கார்டு வாங்கி வருவதில் பயனில்லை. முதல் நாள் சும்மா சுற்றிப் பார்த்து, நான்கு கடைகளைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் குறையும் கடைசி நாள் மதியம் அந்த நான்கு பேரிடம் நின்று பேசினால் போதும். முதல் நாள் வாங்குபவர் கூட்டத்தில் மாணவரிடம் பேச யாருக்கும் நேரமிருக்காது.

ஜவுளி என்றால் ஈரோடும் திருப்பூரும், மசாலாப் பொருள் என்றால் விருதுநகர் என்று அவரவர் தொழிலுக்கான சந்தையை அவரவர் தேடிக்கொள்ளலாம்.

அரசு அலுவலகங்களையும் ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. கடன் திட்டத்திற்காக மட்டுமே அங்கே போவது நம் வழக்கம். உங்கள் மாவட்டத்தில் இதே தொழிலை யார் செய்கிறார்கள் என்று அங்குள்ள அலுவலருக்குத் தெரியும் என்பதற்காகவும் போகலாம். சென்னையில் உள்ள தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் கல்லூரிகளுடன் சேர்ந்து பயிற்சிகள் நடத்துகிறது. புத்தொழில்களுக்கென்று அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு இருக்கிறது. அதன் வட்டார மையங்கள் மதுரை, ஈரோடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் உள்ளன. உங்கள் கல்லூரியில் தொழில் முனைவோர் பிரிவு என்று ஒரு பலகை தொங்கும். பல இடங்களில் பூட்டியே கிடக்கும். அதன் பொறுப்பாசிரியரைத் தேடிப் பிடியுங்கள். யாரும் வராத இடத்திற்கு ஒரு மாணவர் வந்தால் அவர் மகிழ்ச்சியே அடைவார்.

முதல் செய்தி, முதல் சந்திப்பு

அறிமுகமில்லாத வியாபாரிக்கு மாணவர்கள் அனுப்பும் செய்திகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறோம். "அஸ்ஸலாமு அலைக்கும், பிசினஸ் பண்ணலாம்னு இருக்கேன், கைட் பண்ணுங்க" என்று ஒரு வரி. இதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்? கடை திறந்திருக்கும் நேரத்தில் ஒரு முழு வாழ்க்கைக்கு வழிகாட்ட அவரால் முடியாது.

செய்தியில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: நான் யார், உங்களை யார் சொன்னார், நான் இதுவரை செய்தது என்ன, உங்களிடம் கேட்பது எந்த ஒரு விஷயம். உதாரணமாக: "நான் இன்ன கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கட்டிங் மாஸ்டர் உங்கள் எண்ணைத் தந்தார். இதுவரை 150 வாலட் தைத்து விற்றிருக்கிறேன். 8 அங்குல ஜிப் மொத்த விலைக்குக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் போன் செய்கிறேன்." இதற்குப் பதில் வராமல் போகாது. வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு.

நேரில் போகும்போது மாதிரிப் பொருள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அனுபவசாலிகள் பேச்சைக் கேட்பதைவிடப் பொருளைப் புரட்டிப் பார்ப்பார்கள். தையலில் குறை சொன்னால் வாதாட வேண்டாம்; அந்தக் குறையைச் சரிசெய்து அடுத்த மாதம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாம் பார்த்தவரையில் வயதான வியாபாரிகளின் மனதைத் தொடுவது இதைவிட வேறில்லை. உரிமையோடு பாய், அண்ணாச்சி, மாமா என்று அழைப்பதெல்லாம் சரிதான், ஆனால் உறவுமுறை சொல்லிவிட்டு விலையில் சலுகை கேட்பது முதல் சந்திப்பிலேயே கசப்பை உண்டாக்கும்.

மாணவரிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். பல சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தளத்தில் நுழையத் தெரியாது, பொருளைப் படமெடுத்து விற்பனைத் தளத்தில் ஏற்றத் தெரியாது, ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத யாரையாவது தேடுவார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. சந்தித்தவர் பெயர், ஊர், யார் மூலம், என்ன பேசினோம், நாம் என்ன செய்வதாகச் சொன்னோம், அதைச் செய்தோமா. கடைசிப் பத்திதான் முக்கியம். கைபேசியில் 'ஜிப் பாய்' என்று எண்ணைச் சேமித்தால் ஆறு மாதம் கழித்து அவர் யார் என்று நமக்கே தெரியாது. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் எல்லோருக்கும் ஒரே படத்தை அனுப்புவதால் தொடர்பு வளராது. இரண்டு வரி, அவர் பெயரைச் சொல்லி, போன முறை பேசியதை நினைவூட்டி எழுதினால் அவர் மறக்க மாட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு

இது குறித்து நம் பெற்றோர்களிடம் பேசியாக வேண்டும். நம் பெண் பிள்ளைகள் படிப்பில் முன்னால் நிற்கிறார்கள். தையல், மெஹந்தி, உணவு, குழந்தை உடை என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள். ஆனால் தொடர்புகள் உருவாகும் இடங்களான மொத்தச் சந்தைக்கும் மாலை நேரக் கூட்டங்களுக்கும் அவர்கள் போவதில்லை. பொருள் வாங்குவது வாப்பாவின் பொறுப்பு, விலை பேசுவது அண்ணனின் பொறுப்பு என்றாகிவிடுகிறது. அண்ணன் துபாய்க்குப் போனதும் தொழில் நின்றுவிடுகிறது. ஏனென்றால் அந்தத் தொடர்புகள் அண்ணனுடையவை.

கூட யாராவது போகட்டும், தவறில்லை. பேச வேண்டியது அந்தப் பிள்ளைதான். ரசீது அவர் பெயரில் இருக்கட்டும், கடைக்காரரின் நோட்டில் அவர் பெயர் ஏறட்டும். மாவட்டத் தொழில் மையம் பகலில் இயங்குவது. கல்லூரியிலிருந்து ஆசிரியையோடு போய்வரலாம். வியாபாரத்தில் இருக்கும் பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பெருமையோடு மேடையில் சொல்லும் நாம், நம் மகளைக் கடைக்காரர் முன்னால் வாய் திறக்க விடாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

கூட்டாளிகள் விஷயத்தில் எச்சரிக்கை

நெருங்கிய நண்பர்கள் மூவர் சேர்ந்து கையெழுத்தில்லாமல் தொழில் தொடங்குவது மாணவர்களிடையே சகஜம். கணக்கு வழக்கில் மனஸ்தாபம் வந்து, நட்பும் போய், அவர்களுக்குப் பொதுவாக இருந்த தொடர்புகளும் இரண்டாகப் பிரிந்து போனதை நாமே சமரசம் பேசப் போய்ப் பார்த்திருக்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள் என்பது நம் மார்க்கம் சொன்னது. சட்டப்படியும் இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது; முதலாம் ஆண்டு மாணவர்கள் பலர் இதில் வருவார்கள். சாதாரணக் கூட்டு வணிகத்தில் ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவர்களின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். யார் எவ்வளவு போட்டார், லாப நஷ்டம் என்ன விகிதம், ஒருவர் விலகினால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதி இரண்டு சாட்சிகள் வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

உங்களைப் பணக்காரராக்கும் பெரிய தொடர்புகளை அறிமுகம் செய்கிறேன், முதலில் உறுப்பினர் கட்டணம் கட்டுங்கள், இன்னும் நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று வருபவர்களிடமிருந்தும் விலகியிருங்கள். தொடர்பு என்ற பெயரில் நடக்கும் சங்கிலி வியாபாரம் அது. முதலில் அதில் விழுவது உங்கள் தெருக்காரர்களும் உறவினர்களும்தான். உங்கள் பெயரை நம்பித்தான் விழுவார்கள்.

நம் ஆம்பூர் மாணவர் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டார். உத்யம் பதிவும் முடிந்துவிட்டது. முதல் ஆர்டரில் மிஞ்சிய தோலில் ஒரு வாலட் தைத்து மாஸ்டருக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோயிருக்கிறார். மாஸ்டர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் வெட்டு சரியில்லை என்றாராம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தோல் வெட்டப் பழகிக்கொண்டிருக்கிறார்.